ஒரே கதிர், இரு உடல்கள்

ஈசூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம். மாலை நேரம். கல் மேசையருகே இரண்டு பாட்டிகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கதிரியக்கச் சிகிச்சையும் முடிந்துவிட்டது. ஒரே வகை இயந்திரம், ஒரே கதிர் அளவு, ஒரே எண்ணிக்கையிலான நாள்கள்.

முதல் பாட்டிக்குத் தோல் லேசாகக் கறுத்தது. சில வாரங்களில் சரியாகிவிட்டது. இரண்டாவது பாட்டிக்கோ தோல் உரிந்து புண்ணானது. புண் ஆறிய பிறகும் அந்த இடம் மெல்ல மெல்ல இறுகியது. இப்போது பேருந்தில் கையை உயர்த்திக் கைப்பிடியைப் பற்றுவதே அவருக்குச் சிரமம்.

“எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்று அவர் உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இந்தப் பாட்டிகள் கற்பனைதான். ஆனால், அந்தக் கேள்வி கற்பனை அல்ல. புற்றுநோய் மருத்துவர்கள் பல தலைமுறைகளாக அதைக் கேட்டுவருகிறார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே கொஞ்சம் ரத்தத்தையோ எச்சிலையோ சோதித்து, “உங்களுக்குப் பக்கவிளைவு கடுமையாக வரலாம்” என்று சொல்லிவிட முடியுமா? இதைத் தேடும் ஆய்வுத் துறைக்குக் கதிர் மரபணுவியல் என்று பெயர்.

விடையைத் தேடிப் போகும் முன்பு, கதிர் உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

வெப்பம் அல்ல, வெட்டு

சிகிச்சையில் கதிரின் அளவை ‘கிரே’ என்ற அலகில் சொல்வார்கள். அது லூயிஸ் ஹெரால்ட் கிரே என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளரின் பெயர். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே.

ஒரு ஜூல் எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு கிலோ தண்ணீருக்கு ஒரு ஜூல் வெப்பம் கொடுத்தால், அதன் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியசில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்குதான் உயரும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தின் வெப்பமானி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

அப்படியென்றால், இவ்வளவு சிறிய ஆற்றல் எப்படிப் புற்றைக் கொல்கிறது? விடை, அந்த ஆற்றல் போய் விழும் இடத்தில் இருக்கிறது. கதிர் உயிரணுவின் டிஎன்ஏவை அறுக்கிறது. ஒரு கிரே கதிர் பட்டால், ஓர் உயிரணுவில் சுமார் ஆயிரம் இடங்களில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒன்று அறுகிறது. சுமார் 40 இடங்களில் இரண்டு இழைகளும் சேர்ந்தே அறுகின்றன. ஓர் இழை மட்டும் அறுந்தால், எதிரில் உள்ள இழையைப் பார்த்து உயிரணு சரிசெய்துகொள்ளும். இரண்டும் அறுந்தால், பார்த்து எழுத மூலப்பிரதியே இல்லாத நிலை. பழுது சரியாகவில்லை என்றால் அந்த உயிரணு பெருக முடியாமல் அழியும்.

நல்ல உயிரணுக்கள் இந்தப் பழுதுபார்க்கும் வேலையில் தேர்ந்தவை. புற்று உயிரணுக்கள் பல, அந்த வேலையில் சற்றுப் பின்தங்கியவை. அதனால்தான் கதிரை ஒரே நாளில் கொட்டாமல் தவணை தவணையாகக் கொடுக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பல நாடுகளில் சுமார் 40 கிரே கதிரை 15 தவணைகளாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்தில் வரும் புற்றுநோய்க்குச் சுமார் 70 கிரே. அது ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு நீளும். ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையே நல்ல உயிரணுக்கள் மீள்வதற்கு நேரம் கிடைக்கிறது.

ஆனாலும், நல்ல திசுவுக்குச் சேதமே வராது என்று சொல்ல முடியாது. தோல் சிவத்தல், வாய்ப்புண், சோர்வு போன்றவை சிகிச்சைக் காலத்திலேயே வருபவை; பெரும்பாலும் ஆறிவிடும். திசு தழும்பைப் போல் இறுகுவது, வாய் நிரந்தரமாக வறண்டுபோவது போன்றவை மாதங்கள், ஆண்டுகள் கழித்து வருபவை. இரண்டாவது வகைதான் மருத்துவர்களுக்குப் பெரிய கவலை.

சிலருக்காக எல்லாருக்கும் வரம்பு

இங்கே ஒரு சிக்கல். கதிரின் அளவைக் கூட்டினால் புற்று அழியும் வாய்ப்பு கூடும்; நல்ல திசு பழுதடையும் வாய்ப்பும் கூடும். எங்கே நிறுத்துவது?

நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு மேல் கடுமையான நீண்டகாலப் பாதிப்பு வரக்கூடாது என்பதை மருத்துவர்கள் வெகுகாலமாக ஒரு வழிகாட்டியாகக் கொண்டிருக்கிறார்கள். அதாவது, கதிரைத் தாங்க முடியாத அந்தச் சிலரை மனத்தில் வைத்துத்தான் எல்லாருக்கும் உச்சவரம்பு வைக்கப்படுகிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டித் தெரியாததே காரணம்.

தெரிந்தால் இரண்டு நன்மைகள். அந்த ஐவருக்கு வேறு வழி பார்க்கலாம். மற்ற தொண்ணூற்றைந்து பேரில் தேவைப்படுவோருக்குக் கதிரைச் சற்றுக் கூட்டி, புற்று திரும்பி வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். ஆக, இது இரண்டாவது பாட்டியின் தோலைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. முதல் பாட்டியின் உயிரைப் பற்றிய கேள்வியும் கூட.

முதல் தடயம்: ஏடிஎம்

மரபணுவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்ற முதல் தடயம் ஓர் அரிய நோயிலிருந்து கிடைத்தது. அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்ற அந்தப் பரம்பரை நோய் உள்ள குழந்தைகள் நடையில் தடுமாறுவார்கள். அவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். 1960களின் இறுதியில், இவர்களில் சிலருக்கு வழக்கமான அளவில் கதிரியக்கச் சிகிச்சை கொடுத்தபோது உடல் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1975ல், இந்த நோயாளிகளின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கதிரைச் செலுத்தியபோதும் அவை எளிதில் மடிந்தன.

20 ஆண்டுகள் கழித்து, 1995ல், இஸ்ரேலிய விஞ்ஞானி யோசப் ஷிலோவின் குழு காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது. அதன் பெயர் ஏடிஎம். பணம் எடுக்கும் இயந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அறுந்தவுடன் அபாய மணி அடித்து, பழுதுபார்க்கும் புரதங்களை அழைக்கும் காவலாளிப் புரதத்தை உருவாக்கும் மரபணு அது. காவலாளி இல்லையென்றால் மணி அடிப்பார் இல்லை.

இந்த நோய் மிக அரிது. நம் இரண்டாவது பாட்டிக்கு இது கிடையாது. ஆனால், ஆய்வாளர்களுக்கு ஓர் எண்ணம் பிறந்தது: ஒரு மரபணு முழுதாகப் பழுதானால் இவ்வளவு பாதிப்பு வருகிறதே, அதில் சின்னச் சின்ன மாற்றங்கள் உள்ள சாதாரண மனிதர்களுக்குக் கொஞ்சம் கூடுதலான பாதிப்பு வருமோ?

நீ சூனும் ஈசூனும்

சின்ன மாற்றம் என்றால் என்ன? நீங்கள் வாழும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்னாசி, ரப்பர்த் தோட்டங்களை நடத்திய லிம் நீ சூன் என்ற வணிகரின் பெயரால் அமைந்த வட்டாரம் இது. தியோச்சியூ ஒலிப்பில் ‘நீ சூன்’. அதே எழுத்துகளை மாண்டரினில் படித்தால் ‘ஈசூன்’. எம்ஆர்டி நிலையத்தில் ஒரு வடிவம், நாடாளுமன்றத் தொகுதியின் பெயரில் இன்னொரு வடிவம். எழுத்து மாறினாலும் இடம் மாறவில்லை.

டிஎன்ஏவிலும் அப்படித்தான். நம் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே பல இலட்சம் இடங்களில் எழுத்து வேறுபடுகிறது. பெரும்பாலானவை நீ சூன், ஈசூன் போலத்தான். எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால், சில மாற்றங்கள் ‘பள்ளி’யில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதியதால் அது ‘பல்லி’ ஆனதைப் போன்றவை. பொருளே மாறிவிடும்.

இந்த எழுத்து மாற்றங்களில் எவை கதிரின் பக்கவிளைவோடு சேர்ந்து வருகின்றன என்று கண்டுபிடித்தால், அவற்றை ஓர் அடையாளமாகப் பயன்படுத்தலாம். அதுதான் மரபணு அடையாளம்.

92 நம்பிக்கைகள், ஒன்றும் தேறவில்லை

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு இத்தகைய கண்டுபிடிப்புகள் வரிசையாக வெளிவந்தன. ஐம்பது நோயாளிகள், நூறு நோயாளிகள் என்று சின்னச் சின்ன ஆய்வுகள். “இந்த எழுத்து மாற்றம் இருந்தால் தோல் இறுகும்”, “அந்த மாற்றம் இருந்தால் ரத்தக்கசிவு வரும்” என்றெல்லாம் அவை சொல்லின.

பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு கறாரான சோதனை வைத்தார்கள். கதிரியக்கச் சிகிச்சை பெற்ற 1,613 பேரின் மரபணுக்களை எடுத்துக்கொண்டு, 46 மரபணுக்களில் உள்ள 92 எழுத்து மாற்றங்களைச் சோதித்தார்கள். முன்பு சொல்லப்பட்ட தொடர்புகளில் எது உண்மையில் நிற்கிறது என்று பார்ப்பது நோக்கம். 2012ல் முடிவு வெளியானது: ஒன்றுகூட உறுதியாகவில்லை.

ஏன்? ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பாருங்கள். ஏழு முறை தலை விழுந்தால் நாணயத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவீர்களா? ஆயிரம் முறை சுண்டி எழுநூறு முறை தலை விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சிறிய குழுவில் தற்செயல் என்பது உண்மையைப் போலவே தோற்றம் தரும்.

இந்தத் தோல்வி துறையை முடக்கவில்லை, நேர்ப்படுத்தியது. தனித்தனியாக வேலை செய்தால் எண்ணிக்கை போதாது என்பதை உணர்ந்து, பல நாடுகளின் ஆய்வாளர்கள் 2009லேயே கதிர் மரபணுவியல் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். 2013ல் தொடங்கிய ‘ரெக்வைட்’ என்ற திட்டத்தில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 4,400க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து, எல்லாருடைய பக்கவிளைவுகளையும் ஒரே முறையில் குறித்துவைத்தார்கள்.

பெரிய எண்ணிக்கை பலன் தந்தது. 2016ல், பல நாடுகளைச் சேர்ந்த 5,456 நோயாளிகளின் தரவுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது, நமக்கு ஏற்கெனவே அறிமுகமான ஏடிஎம் மரபணுவில் உள்ள ஓர் எழுத்து மாற்றம் பக்கவிளைவோடு உண்மையிலேயே தொடர்புடையது என்று உறுதியானது. ஆனால், அது சிகிச்சைக் காலப் பக்கவிளைவின் வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்காகத்தான் கூட்டுகிறது. நீண்டகாலப் பக்கவிளைவில் அதன் பங்கு இன்னும் சிறிது.

ஆக, ஒரு பெரிய வில்லன் மரபணு இல்லை. அறுந்த டிஎன்ஏவை ஒட்டுவது, வீக்கம், தழும்பு உருவாவது என்று பல வேலைகளில் ஈடுபடும் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்களிக்கின்றன. அவற்றோடு கதிர் பட்ட பரப்பு, நோயாளியின் வயது, நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

சிங்கப்பூரில் வென்ற ஒரு சோதனை

“அப்படியானால் மரபணுவைப் பார்த்துப் பக்கவிளைவைச் சொல்வது நடக்காத காரியமா?” என்று கேட்கிறீர்களா? கதிரை விட்டுவிட்டு ஒரு மாத்திரையின் கதைக்கு வாருங்கள். அது நம் ஊரிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

கார்பமாசெப்பின் என்பது வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் மருந்து. பெரும்பாலோருக்கு நன்றாக வேலை செய்யும். மிகச் சிலருக்கு மட்டும் உடலெங்கும் தோல் கொப்புளித்து உரியும், கண், வாய் எல்லாம் புண்ணாகும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்று அதற்குப் பெயர்.

2004ல் தைவான் ஆய்வாளர்கள் இந்தப் பாதிப்புக்கு ஆளான 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வடிவம் இருந்தது. அதே மருந்தைச் சிக்கலின்றிச் சாப்பிட்ட 101 பேரில் மூவரிடம்தான் அது இருந்தது. பிறகு, தைவானின் 23 மருத்துவமனைகளில் 4,877 பேரை மருந்து கொடுக்கும் முன்பே சோதித்து, அந்த வடிவம் உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்கின்படி சுமார் 10 பேருக்கு அந்தக் கொடிய பாதிப்பு வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. அந்த முடிவு 2011ல் வெளியானது.

இந்த வடிவம் சீனரிடமும் மலாய்க்காரரிடமும் கூடுதலாகவும், இந்தியரிடம் அவர்களைவிடக் குறைவாகவும் காணப்படுகிறது. மூன்று சமூகங்களும் சேர்ந்து வாழும் சிங்கப்பூருக்கு இது முக்கியம். 2013ல் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன்பு மரபணுச் சோதனை செய்வதை வழக்கமான மருத்துவ நடைமுறையாக அறிவித்தன.

தவறினால் என்ன விலை?

மாத்திரையில் முடிந்தது கதிரில் ஏன் இன்னும் முடியவில்லை? ஒரு மரபணு, பல மரபணுக்கள் என்ற வேறுபாட்டைப் பார்த்துவிட்டோம். அதைவிட முக்கியமான இன்னொரு காரணம் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அது புரியும். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

நூறு நோயாளிகள். அவர்களில் ஐவர் கதிரைத் தாங்காதவர்கள். நம்மிடம் ஒரு மரபணுச் சோதனை இருக்கிறது. அது அந்த ஐவரில் நால்வரைச் சரியாகப் பிடிக்கிறது. மீதி 95 பேரில் 10 பேரைத் தவறாக ‘அபாயம்’ என்று சொல்கிறது. நல்ல சோதனை போலத் தெரிகிறது, இல்லையா?

இப்போது ‘அபாயம்’ என்ற பட்டியலைப் பாருங்கள். அதில் 14 பேர். உண்மையில் அபாயம் உள்ளவர்கள் நால்வர்தான். 14 பேருக்கும் கதிரைக் குறைத்தால், பத்துப் பேருக்குக் காரணமே இல்லாமல் சிகிச்சை பலவீனமாகிறது. அவர்களில் யாருக்காவது புற்று திரும்பி வந்தால்?

மாத்திரைக் கதையிலும் இதே தவறு உண்டு. எச்எல்ஏ-பி 1502 உள்ளவர்களில் பெரும்பாலோர் கார்பமாசெப்பினைச் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால், அவர்களுக்கு வேறு வலிப்பு மருந்து கொடுத்துவிடலாம். தவறின் விலை குறைவு. கதிரில் தவறின் விலை ஓர் உயிராக இருக்கலாம்.

ஒரு மரபணு அடையாளத்தின் மதிப்பு, அது எத்தனை முறை சரியாகச் சொல்கிறது என்பதில் மட்டும் இல்லை. தவறாகச் சொல்லும்போது யார் எவ்வளவு இழக்கிறார் என்பதிலும் இருக்கிறது.

அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் கதிரின் அளவில் கைவைக்கும் முன்பு, தவறின் விலை குறைவான வழிகளைத் தேடுகிறார்கள். ஐரோப்பாவில் 2022ல் தொடங்கிய ‘பிரி-ஆக்ட்’ திட்டம் ஓர் எடுத்துக்காட்டு. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கை வீங்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று கணினியின் உதவியோடு கணித்து, அவர்களுக்கு முன்கூட்டியே அழுத்தம் தரும் கை உறையை அணியக் கொடுப்பது அதன் முயற்சி. கணிப்பு தவறினால், தேவையில்லாத ஒருவர் சில மாதம் உறை அணிந்திருப்பார். அவ்வளவுதான்.

இன்னொரு வழி, அபாயம் உள்ளவர்களுக்கு நல்ல திசுவில் கதிர் குறைவாகப் படும் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது. புரோட்டான் கதிர் அத்தகையது. புற்று இருக்கும் ஆழத்தில் ஆற்றலைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் கோ செங் லியாங் புரோட்டான் சிகிச்சை நிலையம் 2023ல் செயல்படத் தொடங்கியது. இந்தச் சிகிச்சைக்குச் செலவு அதிகம். எல்லாருக்கும் தேவையும் இல்லை. யாருக்கு அது அதிகம் உதவும் என்று தீர்மானிக்க ஒரு நாள் மரபணு அடையாளமும் கைகொடுக்கலாம்.

மணிப்பாலின் மாற்று வழி

மரபணுவின் எழுத்துகளைப் படிப்பதற்குப் பதிலாக, உயிரணு எப்படி நடந்துகொள்கிறது என்று நேரில் பார்த்தால் என்ன? கர்நாடகத்தின் மணிப்பாலில் உள்ள ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். சிகிச்சைக்கு முன்பு நோயாளியின் ரத்தத்தை எடுத்து, அதில் உள்ள வெள்ளை அணுக்களுக்கு ஆய்வுக்கூடத்தில் கதிரைக் கொடுத்தார்கள். டிஎன்ஏ அறுந்த இடத்தில் கூடும் ஒரு புரதத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றினால், நுண்ணோக்கியில் ஒவ்வொரு முறிவும் ஒரு புள்ளியாகத் தெரியும். சில மணி நேரம் கழித்து எத்தனை புள்ளிகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணலாம்.

2012லும் 2014லும் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளில், சிகிச்சையின்போது கடுமையான பக்கவிளைவுக்கு ஆளானவர்களின் அணுக்களில் சராசரியாகக் கூடுதல் முறிவுகள் சரிசெய்யப்படாமல் மிஞ்சியிருந்தன. தலை-கழுத்துப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் இரண்டிலும் இதைப் பார்த்தார்கள். சராசரி என்பதைக் கவனியுங்கள். ஒரு குழுவின் சராசரியை வைத்து ஒரு தனி மனிதருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால், திசை சரியானது.

பட்டியலில் நாம் இருக்கிறோமா?

5,456 பேரிடம் உறுதியான அந்த ஏடிஎம் எழுத்து மாற்றத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அது ஐரோப்பியரிடம் பரவலாக உள்ளது. கிழக்காசிய மக்களிடம் மிக அரிது. அதை வைத்து ஒரு சோதனைக் கருவி செய்து சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால், சீன நோயாளிகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் ‘அபாயம் இல்லை’ என்றே சொல்லும். அதனால் அவர்களுக்கு யாதொரு பயனும் இல்லை.

மறுபக்கம், மூக்கின் பின்புறம் வரும் புற்றுநோய் தென்சீன மக்களிடம் அதிகம். சிங்கப்பூர்ச் சீனரிடமும் காணப்படுவது. அதற்குக் கதிர் கொடுத்த பிறகு சிலருக்கு மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்படுகிறது. 2019ல் குவாங்சோ ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, சிஇபி128 என்ற மரபணுவுக்கு அருகே ஓர் அடையாளத்தைக் கண்டார்கள். அந்தப் புற்றுநோய் அரிதாக உள்ள ஐரோப்பாவில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தந்த மக்களிடம் தேடினால்தான் அவர்களுக்குரிய அடையாளம் கிடைக்கும்.

தமிழர்களான நம் கதை என்ன? 2019ல் வெளியான சிங்கப்பூரின் முதல் பெரிய மரபணுத் தொகுதி ஆய்வில் 4,810 பேர் இடம்பெற்றார்கள். சீனர் 2,780, மலாய்க்காரர் 903, இந்தியர் 1,127. சதவீதம் போட்டுப் பாருங்கள்: இந்தியர் 23 விழுக்காட்டுக்கும் மேல். சிங்கப்பூர்வாசிகளில் இந்தியரின் பங்கு சுமார் 9 விழுக்காடுதான். பங்குக்கு ஏற்ப மட்டும் சேர்த்திருந்தால், சிறிய சமூகங்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாத அளவுக்கு எண்ணிக்கை குறைந்திருக்கும். அதன் பிறகு ஒரு லட்சம் பேரின் மரபணுத் தொகுதியைப் படிக்கும் இலக்கோடு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. இந்தியாவிலும் பல சமூகங்களைச் சேர்ந்த 10,000 பேரின் மரபணுத் தொகுதிகளைப் படித்துமுடித்திருக்கிறார்கள்.

ஆனால், எழுத்துகளைப் படித்துவைப்பது பாதி வேலைதான். கதிர் பெற்ற ஒருவருக்கு ஐந்தாண்டு கழித்துத் தோல் எப்படி இருக்கிறது, வாய் வறண்டதா, கை உயர்கிறதா என்று பொறுமையாகக் குறித்துவைத்தால்தான் எழுத்துக்கும் விளைவுக்கும் முடிச்சுப் போட முடியும். அந்தக் குறிப்பு ஏட்டில் தமிழ்ப் பாட்டிகளும் இருந்தால்தான், நாளை வரும் சோதனை தமிழ்ப் பாட்டிகளுக்கும் சரியாக இருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் யாருக்காவது கதிரியக்கச் சிகிச்சை என்று மருத்துவர் சொன்னால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பயமுறுத்தாதீர்கள். பெரும்பாலோர் அதைத் தாங்கிக்கொண்டு மீள்கிறார்கள். பக்கவிளைவுக்கு அஞ்சித் தவணைகளைப் பாதியில் விடுவதுதான் பெரிய ஆபத்து. நீரிழிவு, புகைப்பழக்கம், முன்பு அதே இடத்தில் பெற்ற கதிர், மூட்டு அல்லது தோலைப் பாதிக்கும் நோய்கள் ஏதும் இருந்தால் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்ல நினைவூட்டுங்கள். மரபணுச் சோதனை இல்லாமலேயே மருத்துவருக்கு இன்று உதவும் தகவல்கள் இவை. பாட்டிக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கம் என்றால், கூடப் போய் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

இனி, கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டாவது பாட்டிக்கு என்ன பதில்? “நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, பாட்டி. கதிர் அறுத்ததை உங்கள் உயிரணுக்கள் ஒட்டும் விதம் கொஞ்சம் வேறு. அது யாருக்கு எப்படி என்று முன்கூட்டியே சொல்ல உலகம் முழுவதும் முயல்கிறார்கள். இன்னும் முழுதாக முடியவில்லை.”

அவர் மேலும் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: “என் பேத்திக்கு வந்தால் அப்போதாவது தெரியுமா?”

அதற்கு இன்று யாராலும் பதில் சொல்ல முடியாது. இன்னும் சில ஆண்டுகளில் உயிரியலோ புள்ளியியலோ மருத்துவமோ படிக்கப்போகும் உங்களில் ஒருவர் சொல்லலாம்.